விழுவதைப் பார்க்க

ஒரு கல் விழ வேண்டும் என்று மனசு ஆசைப்பட்டதை யாரிடம் போய்ச் சொல்வது? மனிதர்களுக்குக் கெடுதல் நினைத்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், பகை இருக்கும், பிற்பாடு வருத்தமும் வரும். கல்லிடம் என்ன பகை? அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் என்னும் சிற்றூரை ஒட்டி இருக்கிறது ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா. செம்மணற்கல்லில் தானாக உண்டான வளைவுகளுக்குப் பேர்போன பாலைநிலம். அங்கே லேண்ட்ஸ்கேப் ஆர்ச் என்றொரு வளைவு. இரண்டு பாறைகளுக்கு நடுவே ஏறத்தாழ 300 அடி தூரத்துக்குக் கல் அந்தரத்தில் கிடக்கிறது. ஒரு முனையில் கனத்துத் தொடங்கி, போகப்போக மெலிந்து, ஓரிடத்தில் சில அடித் தடிமனுக்கு இறங்கி, மறுமுனையில் எப்படியோ போய் ஒட்டிக்கொள்கிறது. பார்க்கிற எவரும் முதலில் சொல்வது, இது எப்படி நிற்கிறது என்பதுதான். நானும் அதைத்தான் சொன்னேன். ஆனால் அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது: இப்போது விழுந்தால் நான் பார்ப்பேனே. வியப்பின் வேடத்தில் வந்த ஆசை அது. ஊர் திரும்பிக் காலம் போன பின்னும், அந்த நிலத்தின் நிறமோ வெயிலோ அல்ல, இந்த ஆசைதான் அவ்வப்போது தலைநீட்டுகிறது. வந்த சுவடு தெரியாமல் போய்விடும் சபலம் என்றுதான் முதலில் நினைத்தேன். போகவில்லை.

1991 செப்டம்பர் 1 அன்று இந்த ஆசை சிலருக்கு, கேட்காமலே, நிறைவேறியது. அப்போதெல்லாம் நடைபாதை வளைவுக்கு நேர் கீழேயே போகும். நடந்து களைத்தவர்கள் அதன் நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். மேலே ஏதோ நொறுங்கும் சத்தம். சின்னச் சின்னத் துண்டுகள் உதிர, எழுந்து ஓடினார்கள். வளைவின் மிக மெலிந்த பகுதிக்கு அடியிலிருந்து 60 அடி நீளப் பாளம் ஒன்று பெயர்ந்து விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. ஒருவர் அதைத் தன் கேமராவில் பதிவும் செய்துவிட்டார். சில நொடிகள்தான், கல் கழல்கிறது, தூசி எழுகிறது, முடிந்துவிடுகிறது. அதன் பிறகு பூங்கா நிர்வாகம் அடிப்பாதையை மூடியது. இன்று நாம் நிற்பது தள்ளிப் போட்ட மரத்தடுப்புக்கு இப்பால். அந்தத் தடுப்பருகே நிற்பவர்களைக் கொஞ்ச நேரம் கவனித்தேன். மற்ற வளைவுகளின் முன்னால் மனிதர்கள் வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள், போகிறார்கள். இங்கே மட்டும் படம் எடுத்து முடித்த பிறகும் நகராமல் நிற்கிறார்கள். கைப்பேசி சட்டைப்பைக்குள் போய்விட்டது, தண்ணீர் குடித்தாயிற்று, பார்க்க இனி ஒன்றும் இல்லை, இருந்தும் நிற்கிறார்கள். சிலர் வீடியோவை ஓடவிட்டுக் கையைத் தடுப்பில் ஊன்றிக்கொள்கிறார்கள். அசையாத கல்லுக்கு எதற்கு வீடியோ? அவர்கள் மனதை நான் படித்துவிட்டதாகச் சொல்லவில்லை. என் மனதைத்தான் அவர்கள் முகத்தில் ஏற்றிப் பார்க்கிறேனோ என்ற சந்தேகமும் உண்டு.

இந்த ஆசை இடிபாடுகளின் மேல் வரும் மோகம் இல்லை என்பதற்கு அதே பாதையில் சான்று கிடக்கிறது. லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சைத் தாண்டிச் சற்றுத் தொலைவு போனால் வால் ஆர்ச் இருந்த இடம். 71 அடி அகலம், 33 அடி உயரம், பூங்காவின் பெரிய வளைவுகளில் பன்னிரண்டாவது. 2008 ஆகஸ்ட் 4ஆம் தேதி இரவு, பாதை ஆளில்லாமல் கிடந்தபோது, அது சரிந்தது. காலையில் போனவர்கள் கற்குவியலைத்தான் பார்த்தார்கள். இன்று அந்த இடத்தில் இரு பக்கமும் இரண்டு முண்டுகள், நடுவில் உடைந்த பாளங்கள், உடைந்த முகங்கள் மட்டும் சுற்றியிருக்கும் பாறையைவிடக் கொஞ்சம் வெளிறிய சிவப்பில். அதன் முன்னால் யாரும் நிற்பதில்லை. அது ஒரு காலத்தில் வளைவு என்று தெரியாமலே பலர் கடக்கிறார்கள். தெரிந்தவர்கள்கூட ஒரு தலையசைப்போடு போய்விடுகிறார்கள். ஆகவே நிற்பதும் நமக்குப் போதவில்லை, விழுந்ததும் வேண்டியிருக்கவில்லை. நிற்பதற்கும் கிடப்பதற்கும் நடுவில் இருக்கும் அந்தச் சில நொடிகளை மட்டும் கேட்கிறோம். பல்லாயிரம் ஆண்டுகள் நின்ற ஒன்றிடம் சில நொடிகளைக் கேட்பது அடக்கமா, பேராசையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

குழப்பம் இத்துடன் முடியவில்லை. அங்கே ஸ்கைலைன் ஆர்ச் என்று ஒன்று இருக்கிறது. 1940இல் அதன் உள்ளே அடைத்துக்கொண்டிருந்த ஒரு பெரும்பாறை விழுந்ததில் திறப்பு ஏறக்குறைய இரு மடங்கானது. இன்று எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் அந்த வானத்துண்டில் பாதி, ஒரு விழுதலின் விளைவு. யோசித்தால் எல்லா வளைவுமே அப்படித்தான். விழுதல் வளைவின் முடிவு மட்டும் இல்லை, அதன் பிறப்பும் அதுவே. இதைக் கொஞ்சம் கீழே தோண்டிப் பார்த்தால் உப்பு வருகிறது. 30 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே இருந்த கடல், வருவதும் வற்றுவதுமாகப் பல்லாயிரம் அடிக் கனத்துக்கு உப்பை விட்டுப் போனது. அதன் மேல் காலங்காலமாக வண்டலும் மணலும் சேர்ந்து கல்லாயின. டைனோசர்கள் திரிந்த ஜுராசிக் காலத்து மணல், இப்போது என்ட்ராடா மணற்கல் என்ற பெயரில் வளைவுகளாக நிற்கிறது. மேலே பாரம் ஏறஏற, உப்பு கல்லுக்குரிய குணத்தை விட்டுவிட்டு மெல்ல நகரத் தொடங்கியது. பாரம் குறைந்த பக்கமாகப் பிதுங்கி, மேலிருந்த பாறையை முதுகால் தூக்கியது. பிறகு நிலத்தடி நீர் உப்பைக் கரைக்க, தூக்கப்பட்ட பாறை அமிழ்ந்தது. சால்ட் வேலி என்ற பள்ளத்தாக்கு அப்படி அமிழ்ந்த இடம். அதன் ஓரங்களில் இருந்த பாறை, வளைந்த வாக்கில், வரிவரியாக ஒன்றுக்கொன்று இணையாக விரிசல் விட்டது. விரிசல்கள் அகன்று, நடுவில் நின்றவை உயர்ந்த மெல்லிய சுவர்கள் ஆயின. அந்தச் சுவர்களின் அடிவயிற்றில் எங்காவது ஓட்டை விழுந்தால் அது வளைவு.

ஓட்டையைப் போடுவது காற்று என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பாலைவனம் என்றவுடன் காற்றைச் சிற்பியாக்கிவிடுவது நமக்கும் வழக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வேலை செய்வது தண்ணீர். ஆண்டுக்கு எட்டிலிருந்து பத்து அங்குலம் மட்டும் மழை பெய்யும் ஊரில், தண்ணீர்தான் இத்தனையும் செய்கிறது. மணல்மணிகளைப் பிடித்து வைத்திருக்கும் சுண்ணப் பசையை மழைநீர் கரைக்கிறது. குளிர்காலத்தில் விரிசலுக்குள் போன நீர் இரவில் உறைந்து பருக்கிறது, பகலில் உருகி இன்னும் உள்ளே போகிறது. பார்க்க எதுவுமே நடக்காத வேலை. லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சுக்குப் போகும் டெவில்ஸ் கார்டன் பாதையில் சுவர்களுக்கு நடுவே காலை நேரத்து நிழலில் நடந்தபோது கையைப் பாறையில் வைத்து இழுத்தேன். அச்சுவெல்லத்தைத் தேய்த்ததுபோல் உள்ளங்கை முழுக்கச் சிவந்த பொடி. இவ்வளவு பெரிய ஒன்று இவ்வளவு சுலபமாக உதிர்கிறதே என்று ஒரு கணம் பயமாகத்தான் இருந்தது. மூக்கு காய்ந்து எரிந்தது, உதடு வெடித்திருந்தது. தலைக்கு மேல் அண்டங்காக்கை ஒன்று பறந்தபோது அதன் சிறகு காற்றை வெட்டும் சத்தம் தனியாகக் கேட்டது. அந்த நிலத்தில் ஓசைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுவதில்லை. நம் ஊரில் ஒரு காக்கையின் சிறகை நான் கேட்டதே இல்லை என்று அப்போது தோன்றியது. ஜூனிப்பர் மரங்கள் பாதி பட்டும் பாதி உயிரோடும் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. தண்ணீர் பற்றாதபோது ஒரு கிளைக்கு மட்டும் நிறுத்திவிட்டு மற்றதைக் காப்பாற்றிக்கொள்ளும் மரம் அது. கிளையைச் சாகவிடும் மரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு கல்லைப் பற்றிக் கவலைப்படுவது எனக்கே சிரிப்பாக இருந்தது.

இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வளைவுகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். கணக்கில் சேர ஒரு விதி உண்டு: திறப்பு ஏதாவது ஒரு பக்கமாக மூன்றடியாவது இருக்க வேண்டும். இந்த மூன்றடி என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. இரண்டே முக்கால் அடியில் வானம் தெரிந்தால் அது வெறும் ஓட்டை. ஒரு மாரிக்காலம் கழித்து இன்னும் கொஞ்சம் உதிர்ந்தால் அது வளைவு, அதற்கு ஓர் எண் உண்டு, பட்டியலில் இடம் உண்டு. இயற்கை வளைவுகளைத் தேடித் திரிந்து அளந்து பதிவதற்கென்றே அமெரிக்காவில் ஒரு சங்கம் இருக்கிறது. அவர்களை நான் கேலி செய்யவில்லை, பொறாமைப்படுகிறேன். ஆனால் அவர்கள் அளப்பது எதை? கல்லை இல்லை. கல் இல்லாத இடத்தை. அகலம் என்று எழுதுவதும் உயரம் என்று எழுதுவதும் காற்று நின்றுகொண்டிருக்கும் இடத்தின் அகலமும் உயரமும். அதே பூங்காவிலுள்ள டெலிகேட் ஆர்ச்சின் திறப்பு 46 அடி உயரம், 32 அடி அகலம் என்று படித்துவிட்டு அதன் முன் நிற்கிறோம். கண் கல்லின் மேல்தான் ஓடுகிறது, எண் மட்டும் வெறுமையைச் சொல்கிறது. திருமலையில் சிலாதோரணத்தைக் கம்பிவேலிக்கு வெளியே நின்று எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள்; அங்கே அதைச் சங்கு சக்கரமாகவும் பாம்பாகவும் காண்கிறோம், ஓட்டையாக யாரும் காண்பதில்லை. தெய்வம் குடிபுகுந்த கல்லை விழச்சொல்ல மனசு வராது. யூட்டாவில் அந்தக் காவல் எனக்கு இல்லை. அந்த நிலத்தைத் தெய்வமாகப் பார்த்தவர்கள் இருந்திருக்கலாம், அவர்களின் கண் என்னிடம் இல்லை. டெலிகேட் ஆர்ச்சுக்கு ஏறும் பாதையின் தொடக்கத்தில் யூட் பழங்குடி மக்கள் பாறையில் கொத்திய குதிரைகளும் மலையாடுகளும் இருக்கின்றன. குதிரை மேல் ஆள் உட்கார்ந்திருப்பதால் ஸ்பானியர்கள் குதிரை கொண்டுவந்த பிறகு கொத்தியவை என்று தெரிகிறது. அங்கே வளைவு ஒன்றும் கொத்தப்படவில்லை. ஓடுகிற மிருகத்தைக் கொத்தியிருக்கிறார்கள், நிற்கிற கல்லைக் கொத்தவில்லை.

செக் நாட்டில் நடந்து 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு என் ஆசையின் அடித்தளத்தையே கொஞ்சம் அசைத்துவிட்டது. யிரி புருட்ஹான்ஸ் என்ற நிலவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் அங்கிருந்த ஒரு மணற்குவாரியின் கல்லை எடுத்தார்கள். பசையே இல்லாமல், மணிகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கோத்திருப்பதாலேயே கல்லாக இருக்கும் வகை அது. தண்ணீரில் போட்டால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அதன் தலையில் பாரத்தை ஏற்றிவிட்டு அடியில் தண்ணீர் விட்டார்கள். ஓரங்கள் உதிர்ந்தன. உதிரஉதிர, மிஞ்சிய பகுதியின் மேல் அழுத்தம் கூடியது. ஒரு கட்டத்தில் உதிர்வது நின்றுவிட்டது. அழுத்தம் போதுமான அளவுக்கு ஏறியதும் மணிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டன. தண்ணீரால் அவற்றைப் பிரிக்க முடியவில்லை. எஞ்சியது தூணாக நின்றது, வளைவாக நின்றது, மேசையாக நின்றது. அரிப்பு ஒரு வடிவத்தைச் செதுக்குவதில்லை. பாரம் தாங்காத மணலை மட்டும் எடுத்துப் போகிறது என்பது அவர்கள் கண்டது. அப்படியானால் லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சின் அந்த மெலிந்த பகுதி, நான் இரக்கத்தோடும் ஆசையோடும் பார்த்த பகுதி, பலவீனமானதே இல்லை. பாரம் சுமக்காமல் சும்மா இருந்தவை எல்லாம் எப்போதோ போய்விட்டன. இதைப் படித்த கையோடு வாழ்க்கைக்கு ஒரு பாடம் எடுக்க வேண்டும் போலிருக்கும், சுமப்பவனே நிலைப்பான் என்கிற மாதிரி. எனக்கும் அப்படி ஒரு வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அதே பாரம்தான் விரிசலையும் வளர்க்கிறது. 1991இல் பெயர்ந்த பாளமும் அதற்கு முந்தின நாள் வரை அங்கே இருந்துகொண்டிருந்ததுதானே. கல்லிடம் பாடம் கேட்பவர்கள் பாதியிலேயே எழுந்து போய்விடுகிறார்கள் என்று தோன்றுகிறது.

என்னுடையதற்கு நேர் எதிரான ஆசை ஒன்றையும் அங்கே சந்தித்தேன், ஆவணங்களில். 1950களில் டெலிகேட் ஆர்ச் விழுந்துவிடக் கூடாது என்று தவித்தவர்கள், அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் பூச்சு ஒன்றைப் பூசிக் காப்பாற்றலாமா என்று யோசித்திருக்கிறார்கள். பூங்கா நிர்வாகம் அதைப் பரிசீலித்து, நடக்காத காரியம் என்று கைவிட்டது. முதலில் படித்தபோது வேடிக்கையாக இருந்தது. பிறகு வேடிக்கையாக இல்லை. விழக் கூடாது என்றவர்களும் விழட்டும் என்ற நானும் ஒரே தட்டில்தான் உட்கார்ந்திருக்கிறோம். இருவருக்கும் அந்தக் கல் நம் ஆயுளுக்குள் ஏதாவது செய்ய வேண்டும், அல்லது செய்யாமல் இருக்க வேண்டும். டெலிகேட் ஆர்ச் இன்று யூட்டா வாகனங்களின் எண்பலகையில் இருக்கிறது. ஒன்றரை மைல், நிழலே இல்லாத வழுக்குப்பாறையில் ஏறி, கடைசித் திருப்பத்தில் சட்டென்று அதைப் பார்க்கும்போது, ஏற்கெனவே பார்த்த ஒன்றைச் சரிபார்ப்பதுபோலத்தான் இருந்தது. அந்தி நேரத்தில் எதிரே குழிந்த பாறைச் சரிவில் நூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். வளைவுக்கு அடியில் நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசை. ஒருவர் அதிக நேரம் நின்றால் சரிவிலிருந்து குரல் வருகிறது, போதும் நகருங்கள் என்று. ஓர் இளைஞன் அடியில் நின்று மேலே பார்த்தபடியே இருந்தான், படம் எடுக்க ஆளே இல்லாமல். அவனுக்குத்தான் அதிகக் கூச்சல் கிடைத்தது. வெளிச்சம் சரியாக விழும் பத்து நிமிடத்துக்காக வந்தவர்கள் அவர்கள். நானும் அதற்காகத்தான் போயிருந்தேன், சும்மா இருந்தேனே தவிர கூச்சல் போட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

மறுநாள் லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சின் தடுப்பருகே தமிழ்க் குரல். அப்பா, அம்மா, ஆறேழு வயதுப் பையன். பையன் கம்பின் மேல் தாடையை வைத்துக்கொண்டு, “அப்பா, இது எப்ப விழும்?” என்றான். “வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா, நல்ல வார்த்தையே வராதா?” என்று அம்மா அதட்டினாள். அப்பா கைப்பேசியிலிருந்து தலை தூக்காமலே, “நாம கார்ல ஏறினப்புறம்டா” என்றார். எனக்கு அந்த அம்மாவைத்தான் பிடித்திருந்தது. சந்தி வேளையில் கெட்ட வார்த்தை பேசக்கூடாது, மேலே போகும் தேவதைகள் அப்படியே ஆகட்டும் என்று சொல்லிவிடுவார்கள் என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். சொல்லுக்கு அந்த அளவு பலம் இருப்பதாக நம்பிய வீட்டில் வளர்ந்தவன், சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே நினைத்தால் தேவதைகளுக்குக் கேட்காது என்று எப்படி நினைத்தான்? பையன் கேட்டது வெறும் கேள்வி. அதில் ஆசை இல்லை. பேருந்து எப்போது வரும் என்பதைப்போல எப்போது விழும் என்று கேட்டான். அப்பாவின் பதிலில்தான் விஷயம் தெரிந்தவரின் சலிப்பு இருந்தது. நமக்காக எதுவும் நடக்காது என்று அவர் எப்போதோ தீர்மானித்துவிட்டிருக்க வேண்டும்.

விழுவதை ஆசைப்பட்டு எழுதியவர் ஒருவர் அந்தப் பூங்காவிலேயே இருந்திருக்கிறார். எட்வர்ட் அபே 1956, 57 ஆண்டுகளில் அங்கே பருவகால ரேஞ்சராக வேலை பார்த்தார். அப்போது அது தேசியப் பூங்காகூட இல்லை. 1929இலிருந்து தேசிய நினைவுச்சின்னம் என்ற தகுதி மட்டும் இருந்தது, பூங்காவானது 1971இல். அந்த நாட்களிலிருந்து எழுந்த ‘டெசர்ட் சாலிட்டேர்’ 1968இல் வந்தது. தார்ச்சாலை போடுவதற்காக அளந்து நட்ட குச்சிகளைப் பிடுங்கி எறிந்ததை அதில் அவரே எழுதியிருக்கிறார். சாலை வந்தே விட்டது. 2021இல் 18 லட்சம் பேர் அதில் போனார்கள், கூட்டம் தாங்காமல் அடுத்த ஆண்டு நேரம் குறித்த நுழைவுச்சீட்டைக் கொண்டுவந்தார்கள். அப்படி ஒரு சீட்டுடன், குளிரூட்டிய காரில், அவர் வெறுத்த சாலையில் போய்த்தான் நான் என் ஆசையை அடைந்தேன். அபே விழ வேண்டும் என்று நினைத்தது கல் அல்ல, அணை. கொலராடோ ஆற்றில் 1963இல் நீரைத் தேக்கத் தொடங்கிய கிளென் கேன்யன் அணை. 1975இல் வந்த நாவலில் அவருடைய பாத்திரங்கள் அதைத் தகர்க்கக் கனவு காண்கிறார்கள். அணை இன்னும் நிற்கிறது. 2024 ஆகஸ்டில் விழுந்தது, அந்த அணையால் உண்டான பாவல் ஏரியின் கரையிலிருந்த டபுள் ஆர்ச் என்ற கல்வளைவு. ஏரியின் நீர்மட்டம் ஏறி இறங்கியதும் அலைகள் அரித்ததும் காரணமாக இருக்கலாம் என்றார்கள். அதே பெயரில் ஆர்ச்சஸ் பூங்காவிலும் ஒரு வளைவு உண்டு என்பதால் செய்தியைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விழுந்தது வேறு என்று தெரிந்ததும் வந்த நிம்மதியைச் சந்தேகத்துடன்தான் பார்க்கிறேன். அப்பாடா, தப்பித்தது என்பதா அது, அல்லது இன்னும் பாக்கி இருக்கிறது என்பதா?

நம் கண்ணெதிரே, நம்மாலேயே, தினம் விழுவது ஒன்று அங்கே இருக்கிறது. அதை யாரும் தடுப்பருகே நின்று பார்ப்பதில்லை. பாதைக்கு வெளியே மண்ணின் மேல் கருத்து, முண்டும் முடிச்சுமாகப் படர்ந்திருக்கும் உயிர்ப்பொருக்கு. நீலப்பச்சைப் பாசியும் லைக்கனும் பாசிச்செடியும் மணலை நூலால் கட்டி வைத்திருக்கும் தோல். அது இல்லையென்றால் அந்த மணல் எல்லாம் காற்றோடு போய்விடும், ஈரம் நிற்காது, செடி வராது. ஒரு காலடி போதும், அது நொறுங்க. மீண்டும் உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும். பாதையோரம் எத்தனையோ காலடிகள் இருந்தன, எல்லாமே நல்ல படத்துக்கான கோணத்தை நோக்கிப் போனவை. பூங்காவின் வாசலுக்குக் கிட்டத்தட்ட எதிரே, கொலராடோ ஆற்றங்கரையில், வேறொன்று இருந்தது. 1956 முதல் 1984 வரை இயங்கிய யுரேனிய ஆலை விட்டுப்போன கழிவு, சுமார் 1.6 கோடி டன். 2009 தொடங்கி அதை ரயிலில் ஏற்றி முப்பது மைல் வடக்கே கொண்டுபோய்ப் புதைத்து வந்தார்கள். மோவாப்பிலிருந்து வளைவுகளைப் பார்க்கப் போகிற கார்கள் அந்த இடத்தைத் தாண்டித்தான் உள்ளே திரும்பும். இந்த இரண்டையும் நினைத்தால் என் ஆசை ஒரு குழந்தைத்தனம் என்று ஒதுக்கிவிடலாம். ஒதுக்கிப் பார்த்தேன். பொருக்கு நொறுங்கும்போது எனக்குக் குற்றவுணர்வு வருகிறது, கழிவை நினைத்தால் கோபம் வருகிறது. கல்லை நினைத்தால் மட்டும் அந்த எதிர்பார்ப்பு. காரணம் அங்கே குற்றவாளி யாரும் இல்லை என்பதாக இருக்கலாம். யார்மீதும் பழி போடாமல் ஒரு பெரிய அழிவைப் பார்த்துவிட முடியும் என்கிற சலுகை. அப்படியொன்று நம் காலத்தில் அபூர்வம்.

யூட்டா பல்கலைக்கழகத்தின் நிலவியலாளர்கள் சிலர் இந்த வளைவுகளின் மேல் நிலநடுக்கமானிகளை வைத்து அளந்து வருகிறார்கள். கல் அசைந்துகொண்டே இருக்கிறது. காற்று, எங்கோ தூரத்து நிலநடுக்கம், சாலையில் போகும் வண்டி, மேலே பறக்கும் ஹெலிகாப்டர், எல்லாமே அதை அதிரவைக்கின்றன. ஒவ்வொரு வளைவுக்கும் தனக்கென்று ஒரு சுருதி. நம் காதுக்கு எட்டாத ஆழத்தில். பதிவை வேகமாக ஓட்டினால் கேட்கிறது, கும்மென்ற ஒரு முழக்கம். பகல் சூட்டில் சுருதி ஒரு விதமாகவும் இரவுக் குளிரில் வேறு விதமாகவும் இருக்கிறது. வெயிலின் இந்தத் தினசரி ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தும் சுருதி இறங்கி, திரும்ப ஏறாமலே போனால், உள்ளே விரிசல் வளர்ந்திருக்கிறது என்று பொருள். கல்லைச் சிதைக்காமல், துளை போடாமல், அதன் நலம் விசாரிக்க இதுவே வழி என்கிறார்கள். நல்ல காரியம். கணினியில் அந்த ஒலிகளைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, இதுவும் ஒரு காத்திருப்புதானே, முறையாகப் படித்து, கருவி வாங்கி, அனுமதி பெற்றுச் செய்யும் காத்திருப்பு என்று பட்டது. அவர்களுக்கு அப்படி இருக்காது. அது என் புத்தி.

மறுபடி போவதென்றால் பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் தொடக்கம் என்று யோசித்து வைத்திருக்கிறேன். இரவில் உறைந்து பகலில் உருகும் காலம் அது. பேலன்ஸ்டு ராக் என்ற தனிப்பாறையின் பக்கத்தில் நின்ற சின்னப்பாறை 1975-76 குளிர்காலத்தில்தான் விழுந்தது. கூட்டம் குறைவாக இருக்கும், வெயிலும் உறைக்காது என்று வீட்டில் காரணம் சொல்லியிருக்கிறேன். அதுவும் பொய்யில்லை.